வெளியே அனுப்ப அனுப்பச் சேட்டை கூடுகிறது: நடத்தையியல் இதை எப்படி விளக்குகிறது?

கேள்வி: பயிற்சி_ஆசிரியை

வணக்கம். பி.எட். உளவியல் தாளுக்குத் தனியாள் ஆய்வு ஒன்று எழுத வேண்டும். நடத்தையியல் அணுகுமுறையில்தான் (வெளியே தெரியும் நடத்தையையும் அதன் விளைவுகளையும் வைத்து விளக்குவது) எழுத வேண்டும் என்பது நிபந்தனை. கொடுக்கப்பட்ட விவரம் இது.

நான்காம் வகுப்பு மாணவன், வயது 9. கணக்குப் பாடவேளையில் (40 நிமிடம்) பெஞ்சைத் தட்டுகிறான், பக்கத்துப் பையனின் நோட்டில் கிறுக்குகிறான். தமிழ் வகுப்பிலும் சூழ்நிலையியல் வகுப்பிலும் இப்படி இல்லை. ஆசிரியர் மூன்று தடவை பெயர் சொல்லி எச்சரிக்கிறார். நான்காவது தடவை வராந்தாவில் நிற்க வைக்கிறார். மணி அடித்ததும் உள்ளே வருகிறான். முதல் வாரம் 2 நாள் வெளியே நின்றான். இரண்டாம் வாரம் 3, மூன்றாம் வாரம் 4, நான்காம் வாரம் 5 நாளும்.

தண்டனை கொடுத்தால் நடத்தை குறையும் என்றுதான் படித்திருக்கிறோம். இங்கே கூடுகிறது. அப்படியானால் விளைவுகளே நடத்தையைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன என்று உளவியலாளர் ஸ்கின்னர் சொன்னது வகுப்பறைக்குப் பொருந்தாதா? சில கையேடுகளில் எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டாகத் திட்டுவதையும் அபராதத்தையும் கொடுக்கிறார்கள். அது சரியா? "கண்டுகொள்ளாமல் விட வேண்டும்" என்று தீர்வு எழுதினால் அது உண்மையில் வேலை செய்யுமா? எண்களோடு ஒரு திட்டம் எழுத யாராவது வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

---

விளைவு_விதி

மேடம், ஸ்கின்னருக்கு எதிரான சான்று என்று நீங்கள் நினைக்கிற இந்த நேர்வுதான் அவர் கொள்கைக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு.

ஒரு விளைவு தண்டனையா வலுவூட்டலா என்பதைக் கொடுப்பவரின் நோக்கம் முடிவு செய்வதில்லை. அந்த விளைவுக்குப் பிறகு அதே நடத்தை வரும் நாள்களில் கூடியதா குறைந்ததா என்பதுதான் முடிவு செய்கிறது. ஆகவே இரண்டே கேள்விகள் கேளுங்கள். நடத்தைக்குப் பின் ஏதாவது வந்ததா, அல்லது இருந்த ஒன்று போனதா? நடத்தை பிறகு கூடியதா, குறைந்ததா? வந்து கூடினால் நேர்மறை வலுவூட்டல். போய்க் கூடினால் எதிர்மறை வலுவூட்டல். குறைந்தால் மட்டுமே தண்டனை, அது எதையாவது கொடுத்ததாக இருந்தாலும் சரி, எதையாவது பறித்ததாக இருந்தாலும் சரி. எனவே திட்டுவதையும் அபராதத்தையும் எதிர்மறை வலுவூட்டலுக்கு உதாரணமாகக் காட்டும் கையேடு தவறு. அபராதத்தால் நடத்தை குறைந்தால் அது பறிக்கும் வகைத் தண்டனை. கூண்டின் தரையில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போது எலி நெம்புகோலை அழுத்துகிறது, மின்சாரம் நிற்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அழுத்துகிறது: எதிர்மறை வலுவூட்டல் என்பது இதுதான்.

இப்போது பையனைப் பாருங்கள். தட்டினான், கணக்கு போய்விட்டது, தட்டுவது 2 நாளிலிருந்து 5 நாளுக்கு ஏறியது. போய்க் கூடியிருக்கிறது. ஆசிரியர் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது பையனுக்கு எதிர்மறை வலுவூட்டலாக வேலை செய்திருக்கிறது. அவர் நல்லவரா கடுமையானவரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

பலரும் விட்டுவிடும் மறுபாதி ஒன்று உண்டு, அதையும் எழுதுங்கள். பையன் வெளியே போன அந்த நொடியில் ஆசிரியருக்கு என்ன நடக்கிறது? இரைச்சல் நிற்கிறது, மீதி வகுப்பு அமைதியாகிறது. அவருக்கும் தொல்லை போனது, வெளியே அனுப்பும் பழக்கம் கூடியது. அவரும் எதிர்மறை வலுவூட்டலில்தான் இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொள்கிறார்கள். நான்கு வாரம் பலன் தராத ஒரு முறையை ஓர் ஆசிரியர் ஏன் கைவிடவில்லை என்பதற்கு விளக்கம் அங்கேதான் இருக்கிறது: நாள் கணக்கில் பார்த்தால் பலன் இல்லை, நொடிக் கணக்கில் பார்த்தால் உடனடிப் பலன். வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே நடக்கும் இதே பின்னலை அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் நேரில் பதிவு செய்து 1982-இல் நூலாகவே வெளியிட்டார்.

நாய்களிடம் சோதனை செய்த ரஷ்ய உடலியலாளர் பாவ்லாவையும் ஒரு பத்தியில் கொண்டுவரலாம். கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு கலங்குகிறது என்றால் அது செவ்வியல் ஆக்கநிலையிறுத்தம், அதாவது ஒன்றோடு சேர்ந்து வந்த மற்றொன்றும் அதே எதிர்வினையைத் தூண்டுவது. அந்தக் கலக்கத்திலிருந்து தப்ப உதவும் செயல் நிலைபெறுவது ஸ்கின்னரின் பகுதி. இரண்டையும் இப்படி இணைத்தது மௌரர் 1947-இல் முன்வைத்த இரு காரணிக் கொள்கை. ஆனால் பயம் இருக்கிறது என்பதற்கு உங்கள் விவரத்தில் சான்று ஏதும் இல்லை. அதனால் "இருக்கக்கூடும்" என்ற அளவிலேயே நிறுத்துங்கள்.

---

சிறப்பாசிரியர்_மேசை

மேலே சொன்னது சரி. ஆனால் "கணக்கிலிருந்து தப்பிக்கிறான்" என்பது இன்னும் ஊகம்தான். மூன்று தடவை பெயர் சொல்லி எச்சரிப்பதை மறந்துவிடாதீர்கள். அது மூன்று தடவை ஆசிரியரின் முழுக் கவனம், கூடவே வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்ப்பது. வராந்தாவில் போகிற வருகிறவர்களின் பேச்சும் இருக்கலாம். ஒரே மாதிரித் தெரியும் சேட்டை இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு வேறு காரணத்தால் நீடிக்கும். காரணம் தெரியாமல் திட்டம் எழுதினால் பாதி நேரம் திட்டமே சேட்டையை வளர்க்கும்.

முதல் வேலை, நடத்தையை அளக்கும்படி வரையறுப்பது. "சேட்டை செய்கிறான்" என்பதை அளக்க முடியாது. "கையாலோ அளவுகோலாலோ பெஞ்சில் தட்டுவது, ஓசை அடுத்த வரிசைக்குக் கேட்க வேண்டும். 5 நொடி இடைவெளிக்குப் பின் மீண்டும் தட்டினால் அது புதிய நிகழ்வு" என்று எழுதுங்கள். கிறுக்குவதற்குத் தனி வரையறை. இருவர் தனித்தனியே ஒரே பாடவேளையில் எண்ணிப் பாருங்கள். சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஒப்புமை விழுக்காடு. ஒருவர் 12, மற்றவர் 15 என்றால் 80. அதற்குக் கீழே வந்தால் பிழை வரையறையில் இருக்கிறது, எண்ணியவரிடம் இல்லை. திருத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

இரண்டாவது, முன்–நடத்தை–பின் பதிவு. பைஜூ, பீட்டர்சன், ஆல்ட் மூவரும் 1968-இல் வகுத்துக் கொடுத்த முறை. ஒரு தாளில் ஐந்து நெடுவரிசை: நடந்த நேரம், தட்டுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தான், உடனே பின் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. முன் என்பது அரை நிமிடத்துக்குள், பின் என்பதும் அப்படியே. காலையில் வீட்டில் சண்டை நடந்தது போன்றவற்றைத் தாளின் ஓரத்தில் தனியாகக் குறிக்கலாம். "கோபமாக இருந்தான்", "வேண்டுமென்றே செய்தான்", "கவனத்துக்காக" என்றெல்லாம் எழுதினால் அந்த வரி பயனற்றது. அது பதிவு அல்ல, தீர்ப்பு. குறைந்தது 5 பாடவேளை, எண்கள் ஓரளவு நிலைப்படும் வரை, எதையும் மாற்றாமல் பதியுங்கள். இதுதான் அடிக்கோடு, அதாவது பிறகு ஒப்பிடுவதற்கான தொடக்க அளவு. இது இல்லாமல் தொடங்கினால் பிறகு முன்னேற்றமா பின்னேற்றமா என்று சொல்ல வழியே இருக்காது.

தாளை எப்படி வாசிப்பது? பொதுவாக நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும். கவனம்: ஆசிரியர் வேறு பிள்ளையிடம் போனதும் தொடங்கும், பெயர் சொன்னதும் சற்று நிற்கும். தப்புதல்: "நோட்டை எடுங்கள்" என்றதும் தொடங்கும், வேலை நின்றதும் நிற்கும். பொருள்: ஏதோ ஒன்று மறுக்கப்பட்டதும் தொடங்கும். புலன் இன்பம்: யாரும் இல்லாதபோதும், வேலை இல்லாதபோதும் தட்டுவான், தட்டும் ஓசையே அவனுக்குப் பலன். கணக்கில் மட்டும் வருகிறது என்பதால் கடைசி இரண்டும் இங்கே பலவீனம். போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

அதைப் பிரிக்க ஒரு சிறிய சோதனை போதும். சில பாடவேளைகளில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த எளிய கூட்டல் மட்டும் கொடுங்கள், ஆசிரியர் வழக்கம்போல் நடந்துகொள்ளட்டும். வேறு சில பாடவேளைகளில் வழக்கமான கணக்கைக் கொடுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஆசிரியர் அருகில் போய் அவன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசட்டும். முதலாவதில் தட்டல் சரிந்தால் கடினம்தான் காரணம். இரண்டாவதில் சரிந்தால் கவனம். இரண்டையும் மாறி மாறி வையுங்கள், தொடர்ந்து ஒரே வகையாக வேண்டாம். அப்போதுதான் "அந்த வாரமே அவன் நன்றாக இருந்தான்" என்ற ஐயம் வராது.

இதற்கு மூல ஆய்வு கார், டுராண்ட் இருவரும் 1985-இல் செய்தது. வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகளுக்கு வேலையின் கடினத்தையும் பெரியவரின் கவனத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடினத்தால் சேட்டை செய்த பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லவும், கவனத்துக்காகச் செய்தவருக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்திய வாசகம் சேட்டையைக் குறைத்தது. பொருந்தாத வாசகம் குறைக்கவில்லை. தனியாள் ஆய்வில் இந்த ஒரு ஆய்வை மட்டும் எடுத்தாண்டாலும் போதும் என்பேன், உங்கள் நேர்வுக்கு அவ்வளவு நெருக்கம்.

---

பயிற்சி_ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். தப்புதல்தான் காரணம் என்று வைத்துக்கொண்டால், கண்டுகொள்ளாமல் விடுவது இன்னும் மோசமாகுமா? தட்டிக்கொண்டே இருந்தால் கணக்கு போட வேண்டியதில்லையே.

---

சிறப்பாசிரியர்_மேசை

ஆமாம், அதேதான். "கண்டுகொள்ளாமை" என்பது எல்லாப் பூட்டுக்கும் சாவி அல்ல. கவனத்தால் நீடிக்கும் நடத்தைக்குக் கவனத்தை நிறுத்துவது எக்ஸ்டிங்ஷன், அதாவது வலுவூட்டலை நிறுத்துதல். தப்புதலால் நீடிக்கும் நடத்தைக்கு எக்ஸ்டிங்ஷன் என்றால், தட்டினாலும் வேலை போகாமல் பார்த்துக்கொள்வது. இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர்.

எது ஆனாலும் நிறுத்தத் தொடங்கியதும் மூன்று விஷயங்கள் நடக்கும் என்று எதிர்பாருங்கள். முதலில் வெடிப்பு: தட்டல் குறைவதற்கு முன் கூடலாம், சத்தமாகலாம், கத்தல் போன்ற புதிய வடிவம் எடுக்கலாம். எல்லோரிடமும் வருவதில்லை. ஆனால் வந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பெரியவர்கள் கைவிடுகிறார்கள். உச்சத்தில் இருக்கும்போது விட்டுக்கொடுத்தால் இனி உச்சத்துக்குப் போனால்தான் பலன் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அடுத்து, சில நாள் அடங்கியபின் திடீரென ஒரு நாள் திரும்ப வரும். பாவ்லாவின் நாய்களிடமே கண்ட தானே மீளுதல் இது. அன்றும் பலன் கிடைக்காவிட்டால் விரைவில் அடங்கும். மூன்றாவதுதான் மிக ஆபத்து: ஐந்து நாளில் ஒரு நாள் மட்டும் வெளியே அனுப்புவது. எப்போதாவது கிடைக்கும் பலன், எப்போதும் கிடைத்த பலனைவிட நடத்தையை நீண்ட காலம் தொடர வைக்கும். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் வெளியிட்ட வலுவூட்டல் அட்டவணை ஆய்வுகள் பெரும்பாலும் புறாக்களிடம் இத்தகைய வேறுபாடுகளைக் காட்டியவை.

கார்ல் வில்லியம்ஸ் 1959-இல் வெளியிட்ட சிறு குறிப்பு ஒன்று இதற்கு நல்ல படம். 21 மாதக் குழந்தை, படுக்க வைத்துவிட்டுப் பெரியவர் அறையை விட்டுப் போனால் கத்தும். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்தபின், படுக்க வைத்து, அன்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து திரும்ப உள்ளே போகாமல் இருந்தார்கள். முதல் முறை 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறைக்குள் அழுகையே இல்லை. சுமார் ஒரு வாரம் கழித்து அத்தை ஒருவர் படுக்க வைத்தபோது குழந்தை சிணுங்க, அவர் உள்ளே திரும்பிப் போனார். அழுகை பழைய நிலைக்கு வந்தது, இரண்டாம் முறை முழுவதும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

அதனால் எக்ஸ்டிங்ஷனைத் தனியாக எழுதாதீர்கள். தனியாக எழுதினால், பையன் எதைச் செய்யக்கூடாது என்று சொல்கிறீர்கள், எதைச் செய்தால் அதே பலன் கிடைக்கும் என்று சொல்லவில்லை. தப்புவது தவறான ஆசை அல்ல. வழிதான் மாற வேண்டும்.

திட்டம் இப்படி இருக்கலாம். எண்கள் உங்கள் அடிக்கோட்டைப் பொறுத்து மாறும்.

கையளவு அட்டை ஒன்று, "2 நிமிடம் ஓய்வு" என்று எழுதியது. முதலில் பாடவேளைக்கு 4 அட்டை. கணக்கு வகுப்பில் கொடுத்து அறிமுகப்படுத்தக் கூடாது. அமைதியான வேறு நேரத்தில் நான்கைந்து தடவை பழக்குங்கள்: அட்டையை எடு, மேசையில் வை, ஆசிரியர் தலையசைத்ததும் ஓய்வு. வகுப்பில் அட்டை வைத்தால் சில நொடிக்குள், ஒவ்வொரு முறையும், கேள்வி கேட்காமல் ஓய்வு கிடைக்க வேண்டும். "இந்தக் கணக்கை முடித்துவிட்டுப் போ" என்று முதல் வாரத்திலேயே சொன்னால் அட்டை தோற்றது, பெஞ்சு ஜெயித்தது. நான்கு ஓய்வுக்கு 8 நிமிடம் போகும். பயப்பட வேண்டாம். பாடம் தொடங்கி 12 நிமிடத்தில் வராந்தாவுக்குப் போகிறவன் 28 நிமிடம் இழக்கிறான்.

தட்டினால் என்ன செய்வது? பெயர் சொல்லக் கூடாது, எச்சரிக்கை வேண்டாம், முகத்தைப் பார்க்காமல் விரலால் அடுத்த கணக்கைக் காட்டுங்கள். தட்டியவுடன் அட்டையை நினைவூட்டுவது பெரிய தவறு. தட்டு, அட்டை வரும், ஓய்வு வரும் என்று ஒரு சங்கிலி உருவாகிவிடும். தட்டல் 10 நொடியாவது நின்று, ஒரு சிறு வேலை (ஒரு எண்ணை எழுதினாலும் போதும்) முடிந்தபின்தான் அட்டையைச் சுட்டலாம்.

வேலையையும் மாற்றுங்கள். 10 புதுக் கணக்கு வரிசையாக இருந்தால், அதை மூன்று தெரிந்தது, ஒன்று புதியது என்ற வரிசையில் 8 ஆக்குங்கள். முதல் கணக்கு கட்டாயம் தெரிந்ததாக இருக்கட்டும்.

தட்டாமல் வேலை செய்யும் நேரத்துக்குத் தனிப் பலன் வேண்டும். பாடம் தொடங்கிச் சராசரி 8 நிமிடத்தில் முதல் தட்டல் வருகிறது என்று அடிக்கோடு காட்டினால், உங்கள் இடைவெளி அதைவிடச் சற்றுக் குறைவாக, 6 நிமிடம். ஆறு நிமிடம் தட்டாமல் வேலை செய்தால் ஒரு டோக்கன். 15 நிமிடம் என்று தொடங்கினால் அவன் ஒரு டோக்கனும் பார்க்காமலே தோற்றுப்போவான், முறை தோற்றதாக நாம் எழுதுவோம். நான்கு டோக்கனுக்கு, அன்றே, பாடவேளை முடிவில் 5 நிமிடம் அவனுக்குப் பிடித்தது. எது பிடிக்கும் என்று ஊகிக்காதீர்கள். ஓய்வு நேரத்தில் தானாக எதைச் செய்கிறான் என்று இரண்டு நாள் பாருங்கள். பிரேமாக் 1959-இல் காட்டியது இதுதான்: தானாக அதிகம் செய்யும் செயல், குறைவாகச் செய்யும் செயலுக்கு வலுவூட்டி. சாக்லேட்டை விட அது நீடிக்கும், தெவிட்டுவதும் குறைவு. கொடுத்த டோக்கனைத் தொடக்கத்தில் பறிக்கவே கூடாது.

தொடர்ந்து 3 நாள் தட்டல் 1 அல்லது அதற்குக் கீழ் வந்தால் ஒரு படி ஏறுங்கள்: அட்டை 4-லிருந்து 3, அல்லது இடைவெளி 6-லிருந்து 8 நிமிடம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு நாள் தொடர்ந்து எண்ணிக்கை ஏறினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அவசரமாக ஏற்றினால் வேலைக்கும் பலனுக்கும் இடைவெளி தாங்க முடியாமல் போய் வேலையே நின்றுவிடும்.

---

கல்வி_உளவியல்_குழு

ஒரு கேள்வி. டைம் அவுட் நிரூபிக்கப்பட்ட முறைதானே. பிறகு வராந்தா ஏன் தோற்றது?

---

விளைவு_விதி

டைம் அவுட் என்றால் நேர்மறை வலுவூட்டலிலிருந்து சிறிது நேரம் விலக்கி வைப்பது. விலக்கி வைக்கப்படும் இடத்தில் அவனுக்குப் பிடித்த ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். விளையாட்டுப் பாடவேளையில் இரண்டு நிமிடம் ஓரமாக உட்கார வைத்தால் குறையலாம். இந்தப் பையனுக்குக் கணக்கு வகுப்பில் இழப்பதற்கு எதுவுமில்லை, அதனால் வெளியே அனுப்புவது விடுதலை. மேலும் 28 நிமிடம் என்பது டைம் அவுட்டே அல்ல. சின்னப் பிள்ளைகளுக்குச் சில நிமிடங்களே அளவு. முடியும் நேரத்தையும் மணி தீர்மானிக்கக் கூடாது. அமைதியாக இருந்து, உள்ளே வந்து, விட்ட வேலையைத் தொடர வேண்டும்.

தண்டனையைப் பற்றியும் இரண்டு வரி. அசிரினும் ஹோல்ஸும் 1966-இல் தொகுத்த ஆய்வுகளின்படி, தண்டனை வேலை செய்ய அது உடனே, ஒவ்வொரு முறையும், தப்ப வழியில்லாமல், தொடக்கத்திலேயே போதிய வலுவோடு வர வேண்டும். சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் உயிர் அதற்குப் பழகிப்போகும். மூன்று எச்சரிக்கைக்குப் பிறகு ஒரு நடவடிக்கை என்பது இந்த நிபந்தனைகளில் ஒன்றையும் நிறைவேற்றவில்லை. நிறைவேற்றக்கூடிய அளவுக்குக் கடுமையைக் கூட்டுவது பதிலும் அல்ல. அது பயத்தையும் பள்ளியைத் தவிர்ப்பதையும்தான் கற்றுத்தரும். நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தனியாள் ஆய்வில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

---

மாற்றுப்_பார்வை

மேலே எல்லோரும் சொன்ன செய்முறையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடத்தையியல் எங்கே நிற்கிறது என்பதையும் எழுதாவிட்டால் ஆய்வு அரைகுறையாகும்.

தட்டலை எது தொடர வைக்கிறது என்று இந்த அணுகுமுறை துல்லியமாகச் சொல்லும். கணக்கு அவனுக்கு ஏன் கடினம் என்று அது சொல்லாது. கரும்பலகை தெரிகிறதா? பின் பெஞ்சில் காது கேட்கிறதா? கடன் வாங்கிக் கழித்தல் தெரியாதவனுக்கு நான்காம் வகுப்பு வகுத்தல் கொடுக்கப்படுகிறதா? எண்களைப் புரிந்துகொள்வதிலேயே தனிக் குறைபாடு இருக்கிறதா? தெரியாத ஒன்றை எந்த டோக்கனும் தெரிய வைக்காது. டோக்கன் கொடுத்தும் தட்டல் குறைந்து கணக்கு மட்டும் ஏறவில்லை என்றால் அமைதியாகத் தோற்கும் ஒரு பிள்ளையைத்தான் உருவாக்கியிருக்கிறோம். அதனால் தட்டல் எண்ணிக்கையோடு, சரியாகப் போட்ட கணக்கின் எண்ணிக்கையையும் தினமும் பதியுங்கள். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

பரிசைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் இருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சுதந்திரமாக விட்டபோது அந்தக் குழு மற்ற இரு குழுக்களைவிடச் சுமார் பாதி நேரமே வரைந்தது. முன்சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்ற குழுவுக்கு அப்படி ஆகவில்லை. எனவே ஆர்வம் இல்லாத கணக்குக்கு டோக்கன் சரி. அவன் தானாக விரும்பிச் செய்யும் வேலைக்கெல்லாம் டோக்கனை நீட்ட வேண்டாம்.

கொள்கை அளவில் விமர்சனம் கேட்டால் மூன்று போதும். டோல்மனும் ஹான்சிக்கும் 1930-இல், உணவே வைக்காமல் சில நாள் புதிர்ப்பாதையில் திரிந்த எலிகள், உணவு வைத்ததும் சட்டென்று பிழைகளைக் குறைத்ததைக் காட்டினார்கள்: வலுவூட்டல் இல்லாமலும் கற்றல் நடந்திருக்கிறது. ஸ்கின்னரிடம் பயின்ற பிரிலண்ட் தம்பதியர் 1961-இல், நாணயத்தை உண்டியலில் போடப் பழக்கிய பன்றி அதைத் தரையில் போட்டு மூக்கால் கிளறுவதை எழுதினார்கள்: பிறவிக் குணம் வலுவூட்டலை மீறுகிறது. ஸ்கின்னர் 1957-இல் மொழியைப் பற்றி எழுதிய நூலுக்கு மொழியியலாளர் சாம்ஸ்கி 1959-இல் எழுதிய கடும் விமர்சன மதிப்புரை மூன்றாவது. இவற்றைப் பட்டியலாக ஒப்பிக்க வேண்டாம். உங்கள் நேர்வுக்கு நேராகத் தொடுவது டோல்மன்தான்: பையன் எழுதாவிட்டாலும் உள்ளே உட்கார்ந்திருந்தால் ஏதோ கற்கிறான், வராந்தாவில் அதுவும் போகிறது.

---

பயிற்சி_ஆசிரியை

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. இன்னும் இரண்டு. சிறுவன் ஆல்பர்ட் சோதனையைச் சேர்க்க வேண்டுமா? ஒரு பையனுக்கு மட்டும் டோக்கன் கொடுத்தால் மற்ற பிள்ளைகள் "எங்களுக்கு?" என்று கேட்பார்களே?

---

விளைவு_விதி

ஆல்பர்ட் வேண்டாம். வாட்சனும் ரேனரும் 1920-இல் செய்தது ஒரு கைக்குழந்தைக்குப் பயத்தை உண்டாக்கிய சோதனை, அந்தப் பயத்தை நீக்காமலே விட்டார்கள். உங்கள் நேர்வுக்கு அது உதவாது. பயம் இருப்பதாகப் பதிவில் தெரிந்தால் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் வெளியிட்ட பீட்டர் ஆய்வை எடுங்கள். முயலுக்குப் பயந்த சிறுவன் பிடித்த உணவைச் சாப்பிடும்போது, கூண்டில் இருந்த முயலைத் தள்ளி வைத்து, அவன் கலங்காத அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் அருகில் கொண்டுவந்தார். அவசரப்பட்டால் உணவின் இனிமை முயலுக்குப் போவதற்குப் பதில் முயலின் பயம் உணவுக்குப் போய்விடும் என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார். மூன்று தெரிந்த கணக்கு, ஒரு புதியது என்று மேலே சொன்னதற்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும்.

---

சிறப்பாசிரியர்_மேசை

மற்ற பிள்ளைகளுக்கு: வகுப்பு முழுவதற்குமான விளையாட்டாக மாற்றிவிடுங்கள். பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் 1969-இல் வெளியிட்ட நன்னடத்தை விளையாட்டு முதலில் நடந்ததே நான்காம் வகுப்பின் கணக்குப் பாடவேளையில்தான். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். யாராவது அனுமதியின்றி எழுந்தாலோ பேசினாலோ அந்த அணியின் பெயருக்குக் கீழே கரும்பலகையில் ஒரு கோடு. குறைந்த கோடு உள்ள அணிக்குச் சலுகை. இரண்டு அணியும் ஐந்து கோட்டுக்குள் இருந்தால் இரண்டுக்குமே. சலுகையும் பெரிய செலவில்லை: உணவுக்கு முதலில் வரிசையில் நிற்பது, நாள் முடிவில் கொஞ்சம் விருப்ப நேரம். விளையாட்டை நிறுத்தியபோது தொல்லை திரும்பியது, தொடங்கியபோது மீண்டும் குறைந்தது.

இதில் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. ஒரே பையனால் ஓர் அணி தினமும் தோற்றால், மைதானத்தில் அவனுக்கு அடி விழும். அப்படித் தெரிந்தால் அவனைத் தனி அணியாக்கி, அவன் அட்டைத் திட்டத்தை அதில் தொடருங்கள். வரம்பையும் அடிக்கோட்டை ஒட்டி வையுங்கள். இப்போது 30 கோடு விழும் வகுப்புக்கு 5 என்று முதல் நாளே வைக்கக் கூடாது, 20-இல் தொடங்கி இறக்குங்கள்.

வரைபடம் கட்டாயம் இணையுங்கள். கிடை அச்சில் பாடவேளை, செங்குத்து அச்சில் தட்டல் எண்ணிக்கை, அதே தாளில் சரியான கணக்குகளின் எண்ணிக்கைக்கு வேறு நிறம். திட்டம் தொடங்கிய இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு, அந்தக் கோட்டைத் தாண்டிப் புள்ளிகளை இணைக்கக் கூடாது. மாற்று ஆசிரியர் வரும் நாளுக்கென்று நான்கு வரியில் ஒரு குறிப்புச் சீட்டையும் பின்னிணைப்பாக வையுங்கள்: அட்டை வைத்தால் உடனே 2 நிமிடம், தட்டினால் பேசாமல் கணக்கைக் காட்டு, 6 நிமிடத்துக்கு ஒரு டோக்கன், வெளியே அனுப்பாதே. அதை வருகைப் பதிவேட்டுக்குள் செருகி வைத்தால் யார் வந்தாலும் கண்ணில் படும்.